நாழிகை வட்டிலும் நாட்டின் பொது நேரமும்

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் காலத்தைக் காட்டும் பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று, சுவரில் ஓடும் கடிகாரம். மற்றொன்று, சித்திரை பிறக்கும் முன்னரே ஊரிலிருந்து வரவழைத்து வைத்துக்கொள்ளும் பஞ்சாங்கம். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் புகைவண்டிக்கும் கடிகாரம். திருமணத்துக்கும் புதுமனை புகுவதற்கும் நீத்தார் கடனுக்கும் பஞ்சாங்கம். இரண்டும் ஒரே காலத்தைத்தான் காட்டுகின்றன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உற்று நோக்கினால் அவை வெவ்வேறு கணக்கில் பிறந்தவை என்பது புலனாகும். பஞ்சாங்கத்தின் நாழிகை, ஓர் ஊரில் ஞாயிறு எழும் கணத்திலிருந்து எண்ணப்படுவது. கடிகாரத்தின் மணியோ நாடு முழுமைக்கும் ஒன்றாக வகுக்கப்பட்டது. அவ்வாறு வகுத்தவர் யார், அதனை மக்கள் எங்ஙனம் ஏற்றனர், அவ்வரலாற்றில் நம் சென்னைக்கு உள்ள பங்கு யாது என்பனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரும் நிழலும்

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். நாழிகையில் அறுபதில் ஒரு கூறு விநாழிகை. ஏழரை நாழிகை கொண்டது ஒரு யாமம்; எட்டு யாமம் கூடியது ஒரு நாள்.

இந்த நாழிகையை அளந்த கருவி மிக எளியது. அடியில் நுண்ணிய துளையிட்ட செப்பு வட்டில் ஒன்றை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விடுவர். துளை வழியே நீர் ஏறி, வட்டில் நிறைந்து மூழ்கும்போது ஒரு நாழிகை கழிந்ததாகக் கொள்வர். உடனே அதை எடுத்து நீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் மிதக்க விடவேண்டும். இதற்கென இரவும் பகலும் விழித்திருக்கும் பணியாளர் இருந்தனர். பாசறையில் தங்கிய அரசனுக்கு நீர்க்கன்னலைப் பார்த்து நேரம் கணித்து உரைப்போரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் நாழிகைக் கணக்கர்க்கும் இடமுண்டு.

இது தமிழகத்துக்கு மட்டுமே உரிய வழக்கமன்று. மொகலாயப் பேரரசை நிறுவிய பாபர், தம் நினைவுக் குறிப்பில் இந்துஸ்தானத்து மக்கள் நாளை அறுபது கூறாகவும் எட்டுப் பெரும் பொழுதாகவும் பகுப்பதை விவரிக்கிறார். நீர்க் கிண்ணம் மூழ்குந்தோறும் வெண்கலத் தட்டை அடித்து அறிவிக்கும் பணியாளரைப் பற்றியும் வியப்போடு எழுதுகிறார். நாம் யாமம் என்பதை வடநாட்டார் பஹர் என்றனர். நாழிகையைக் கடீ என்றனர். கடம், கடிகை என்ற சொற்கள் குடத்தைக் குறிப்பன. இன்று தில்லியில் வாழும் நம் பிள்ளைகள் கைக்கடிகாரத்தைக் ‘கடீ’ என்று இந்தியில் சொல்லும்போதும், வீட்டில் ‘கடிகாரம்’ என்று தமிழில் சொல்லும்போதும் அந்தப் பழைய நீர்க்குடத்தின் பெயரையே சொல்லுகின்றனர்.

வட்டில் வைத்து அளப்பது அரண்மனைக்கும் கோயிலுக்கும் இயலும். வயலில் நிற்கும் உழவனுக்கு ஒரு துரும்பே போதுமாயிருந்தது. பதினாறு விரற்கடை நீளமுள்ள துரும்பை எடுத்து, ஒரு பகுதி நிலத்தில் கிடக்கவும் மறு பகுதி நிமிர்ந்து நிற்கவும் மடிப்பர். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்படி மடிப்பை மாற்றி மாற்றி வைப்பர். அப்போது நிற்கும் பகுதி எத்தனை விரற்கடையோ, ஏறத்தாழ அத்தனை நாழிகை. முற்பகலாயின் அது கழிந்த நாழிகை. பிற்பகலாயின் எஞ்சியுள்ள நாழிகை. நுட்பத்தில் குறைபாடு உண்டெனினும், செலவின்றி எவருக்கும் கைவரும் கருவி இது.

ஊருக்கு ஓர் உச்சிவேளை

நீராயினும் நிழலாயினும் அவை காட்டியது அந்தந்த ஊரின் நேரத்தையே. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது; ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே கிழக்கே உள்ள ஊரில் உச்சிவேளை முன்னதாகவும் மேற்கே உள்ள ஊரில் பின்னதாகவும் வரும். இந்திய நாடு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 29 பாகை அகன்றது. அருணாசலத்தின் கிழக்கு எல்லையில் ஞாயிறு உச்சியடைந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே குசராத்தின் மேற்கு எல்லையில் உச்சியடையும்.

தில்லியில் வாழ்வோர் இதனை நேரிற் காணலாம். செய்ப்பூர் மன்னர் சவாய் செயசிங் 1724-ஆம் ஆண்டளவில் அங்கு எழுப்பிய சந்தர் மந்தரில், சம்ராட் யந்திரம் என்னும் மாபெரும் நிழற்கடிகாரம் நிற்கிறது. அதன் நிழல் நண்பகலைக் காட்டும் வேளையில் நம் கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 35 நிமிடமும், நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 5 நிமிடமும் வேறுபாடு இருக்கும். ஞாயிற்றின் தோற்ற இயக்கம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராமையால் இந்த ஏற்ற இறக்கம் உண்டாகிறது. அதனைச் சமன் செய்து கொள்வதையே சராசரி நேரம் என்பர். சராசரியாகப் பார்த்தால் தில்லியின் சொந்த நேரம் நம் கடிகாரத்துக்கு 21 நிமிடம் பின்தங்கியது. மன்னரின் யந்திரமும் பிழையன்று; நம் கடிகாரமும் பிழையன்று. முன்னது தில்லியின் நேரத்தைக் காட்டுகிறது. பின்னது நாட்டின் நேரத்தைக் காட்டுகிறது.

மாட்டுவண்டியிலும் பாய்மரக் கப்பலிலும் மக்கள் சென்ற காலத்தில் ஊர் நேரங்களின் வேறுபாடு ஒருவரையும் வருத்தவில்லை. சென்னையிலிருந்து காசிக்கு மாதக்கணக்கில் நடந்தவனுக்கு அந்தச் சில நிமிடங்கள் என்ன பொருட்டு?

நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

இந்த வேறுபாட்டை நுட்பமாக அளக்கவேண்டிய தேவை முதலிற் கடலோடிகளுக்கும் நிலம் அளப்போருக்குமே ஏற்பட்டது. சோழமண்டலக் கடற்கரையில் கப்பல் செலுத்த விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தீர்க்கரேகைகள் துல்லியமாகத் தெரியவேண்டியிருந்தன. 1786-இல் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அலுவலர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். பின்னர்க் கம்பெனியே அதனை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியது. அதனை அமைத்தவர் கடற்கரையை அளந்து வந்த மைக்கேல் டாப்பிங். வானத்தை நோக்கும் கருவியைத் தாங்குவதற்காக அங்கு நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் இலத்தீனோடு தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளிலும் கல்வெட்டு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்வருவோரும் அறியவேண்டும் என்ற எண்ணத்தோடு பொறிக்கப்பட்டது அது.

அந்நிலையத்தின் வானியலறிஞர் ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து நிலைநாட்டினார். வியாழனைச் சுற்றும் துணைக்கோள்கள் அதன் நிழலில் மறையும் கணம் உலகின் எவ்விடத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றே. அக்கணத்தில் கிரீனிச்சில் மணி என்ன, சென்னையில் மணி என்ன என்று ஒப்பிட்டால் இரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள பாகைகள் கிடைத்துவிடும். அக்கணக்கின்படி சென்னையின் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. அதே 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பகுதியில் நாட்டை அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். இந்தியாவின் நிலப்படத்துக்கும் பின்னாளில் இந்தியாவின் மணிக்கும் நுங்கம்பாக்கமே அளவுகோலாய் அமைந்தது.

அங்கே பணிபுரிந்த நம்மவர் ஒருவரையும் ஈண்டு நினைத்தல் தகும். சிந்தாமணி இரகுநாதாச்சாரி, வானியலறிஞர் நார்மன் போக்சனின் கீழ் முதல் உதவியாளராக இருந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். வெள்ளி ஞாயிற்றைக் கடந்து செல்லும் அரிய காட்சி 1874-இல் நிகழவிருந்தபோது, பொதுமக்களுக்கு அதனை விளக்கும் நூல் எழுதினார். பஞ்சாங்கக் கணிதம் கண்ணாற் காணும் வானத்தோடு பொருந்தவேண்டும் என்று வாதிட்டு, அவ்வாறே திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். பழைய வாக்கியங்களை விட்டு விலகுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. 1880-இல் அவர் மறைந்தார். கருவியால் அளந்ததையும் மரபாற் பெற்றதையும் ஒருங்கே மதித்து, இரண்டையும் இணைக்க முயன்றவர் அவர்.

புகைவண்டி கேட்ட கேள்வி

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகள் வண்டி ஓடியது. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. ஒவ்வொரு பாதையும் தன் நகரத்தின் நேரத்தில் இயங்கிய வரையில் குழப்பமில்லை. 1870-இல் பம்பாயும் கல்கத்தாவும் இருப்புப்பாதையால் இணைந்தன. 1871-இல் ரெய்ச்சூர் வழியே பம்பாயும் சென்னையும் இணைந்தன. அப்போது எழுந்தது கேள்வி: வண்டி எந்த ஊர் மணிப்படி புறப்படுவது?

பம்பாய் நேரம் சென்னை நேரத்துக்கு 30 நிமிடம் பின். கல்கத்தா நேரம் சென்னைக்கு 32 நிமிடம் முன். இரண்டு பெருநகரங்களுக்கும் இடையே ஒரு மணிக்கும் மேற்பட்ட வேறுபாடு. கல்கத்தாவே அந்நாளில் தலைநகரம். வணிகத்தில் பம்பாய் அதற்கு இளைத்ததன்று. ஒன்றின் நேரத்தை மற்றொன்று ஏற்காத நிலையில், இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் நின்ற சென்னை நேரம் இருப்புப்பாதைகளின் பொது நேரமாயிற்று. நடுவில் அமைந்தது மட்டும் காரணமன்று. நாள்தோறும் விண்மீன்களைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி, அந்த நேரத்தைத் தந்தி வழியே நாட்டுக்கு அனுப்பும் நிலையம் சென்னையில் இருந்தது. இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பஞ்சாபில் புறப்பட்ட வண்டியும் நுங்கம்பாக்கத்து மணிப்படியே புறப்பட்டது.

வண்டி நேரத்தை ஊர் நேரமாகவும் ஆக்க அரசு முயன்றபோதுதான் மக்களின் மனம் வெளிப்பட்டது. 1881-இல் பம்பாய் ஆளுநர் சர் ஜேம்ஸ் பெர்குசன், அரசு அலுவலகங்களெல்லாம் சென்னை நேரத்தைக் கொள்ளவேண்டும் என்று ஆணையிட்டார். நகரத்தார் சினந்தனர். தங்களைக் கேளாமலே தங்கள் பொழுதை மாற்றுவதா என்பது அவர்கள் வினா. பிரேம்சந்த் ராய்சந்த் தம் அன்னையின் பெயரால் கட்டுவித்த இராஜாபாய் கோபுரம் 1878-இல் நிறைவுற்றிருந்தது. அதன் கடிகாரம் பம்பாய் நேரத்தைக் காட்டுமாயின், இரவில் அதற்கு விளக்கேற்றும் செலவைத் தரமாட்டோம் என்று அரசு கூறியது. பூசல் வளர்ந்து, 1883-இல் ஆணை பின்வாங்கப்பட்டது. சென்னையின் பெயர் தாங்கிய நேரம் என்பதற்காக நாம் இதில் பம்பாயைக் குறை கூறுவதற்கில்லை. கணக்கு சரியாக இருந்தது. கேட்கும் மரியாதை மட்டும் இல்லாமற் போயிற்று.

முப்பத்தொன்பது நிமிடம்

1884-இல் வாசிங்டனில் 25 நாடுகளின் பேராளர் கூடி, கிரீனிச்சையே உலகின் தொடக்க ரேகையாகக் கொள்ளத் தீர்மானித்தனர். அதன்பின் கிரீனிச்சிலிருந்து முழு மணி அல்லது அரை மணி வேறுபாட்டில் தேச நேரங்களை வகுக்கும் முறை பரவியது. இந்தியாவில் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைக் கிழக்கு ரேகையைத் தேர்ந்து, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை அரசு வகுத்தது. 1905-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இருப்புப்பாதைகளும் தந்தி நிலையங்களும் அதற்கு மாறின. 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது நாட்டுக்கே உரிய நேரமாயிற்று. சென்னைக்கு இதனால் நேர்ந்த மாற்றம் 9 நிமிடத்துக்கும் குறைவே. பம்பாய்க்கோ 39 நிமிடம்.

அந்த 39 நிமிடத்தைச் செல்வர் வீட்டுக் கடிகாரத்தில் முள்ளைத் திருப்பி முடித்துவிடலாம். பஞ்சாலைத் தொழிலாளிக்கு அது இருளில் எழும் பொழுது. ஆலைமணி முன்னே தள்ளப்பட்டால் அவன் உறக்கத்திலிருந்தன்றோ அந்த நிமிடங்கள் எடுக்கப்படும்? 1906 சனவரியில் பம்பாயில் ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர் புதிய நேரப்படி வேலை செய்ய மறுத்துக் கிளர்ந்தனர். மாநகராட்சியில் பெரோசா மேத்தா பழைய நேரத்துக்காக வாதாடி வென்றார். வங்கப் பிரிவினை நிகழ்ந்து சில திங்களே ஆகியிருந்த வேளை அது. அரசு எதைச் செய்யினும் ஐயுறும் மனநிலை நாடெங்கும் இருந்தது. கல்கத்தாவும் தன் நேரத்தை விடவில்லை. அது புதிய நேரத்துக்கு 23 நிமிடத்துக்கும் சற்று மேலாக முந்தியிருந்தது.

ஆக, விடுதலை வரையில் இவ்விரு நகரங்களிலும் இரண்டு நேரங்கள் வழங்கின. புகைவண்டி நிலையத்தில் ஒரு மணி. நகரத்தில் மற்றொரு மணி. மாலை ஆறு மணிக்கு விழா என்றால் எந்த ஆறு மணி என்று கேட்கவேண்டிய நிலை. மாதுங்காவிலும் கல்கத்தாவின் தென்பகுதியிலும் முதன்முதல் குடியேறிய நம் தமிழர் இந்த இரட்டை நேரத்தில்தான் வாழ்ந்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னரே இரண்டு நகரங்களும் தத்தம் நேரத்தைக் கைவிட்டுப் பொது நேரத்தை ஏற்றன. நேரம் அதே ஐந்தரை மணிதான். அயலான் விதித்தது என்று மறுத்த ஒன்றை, தம் குடியரசின் ஒழுங்கு என்று அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இந்த ஏற்பிலும் ஒரு விலக்கு இன்றளவும் உண்டு. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் ‘பாகான் நேரம்’ என்று ஒன்று வழங்குகிறது. அது பொது நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. விடியலில் தொடங்கி வெளிச்சம் மறையுமுன் வேலை முடிக்கவேண்டிய தேவையால் நிலைத்தது அது. கிழக்கு மாநிலங்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்ற கோரிக்கையும் அவ்வப்போது எழுகிறது. அதற்கு உடன்படுவோரும் மறுப்போரும் உளர்.

நுங்கம்பாக்கத்தின் வானாராய்ச்சிப் பணி 1899-இல் கோடைக்கானலுக்கு மாறியது. இன்று நாட்டின் நேரத்தைக் காப்பது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அங்கு நீரும் இல்லை, நிழலும் இல்லை. சீசியம் அணுவின் அதிர்வே அளவை. 1967-இல் உலக நாடுகள் வகுத்த வரையறைப்படி அவ்வதிர்வு 9,192,631,770 முறை நிகழும் காலமே ஒரு விநாடி.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வரலாறு நமக்கு வெறும் பழங்கதையன்று. ஊர்விட்டு ஊர் வந்தோர் வீடுகளில் இது நாள்தோறும் தலைகாட்டுகிறது. உதயாதி நாழிகை பத்து என்று பஞ்சாங்கத்தில் இருந்தால், ஞாயிறு எழுந்து நான்கு மணி நேரம் கழிந்த பொழுது என்பது பொருள். சூன் மாதத்துச் சென்னையில் அது காலை 9 மணி 42 நிமிடத்தையொட்டி அமையும். கல்கத்தாவில் அம்மாதம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது புலர்ந்துவிடுவதால், அங்கே உதித்த ஞாயிற்றிலிருந்து எண்ணினால் ஒன்பது மணிக்கு முன்னரே அந்தப் பத்து நாழிகை நிறைந்துவிடும். தில்லியில் சனவரித் திங்களில் ஏழே கால் மணியளவில்தான் கதிரவன் எழுகிறான். ஆறு மணிக்குப் பொழுது விடிவதாகக் கொண்டு அச்சிட்ட இராகு காலத்தை அங்கே அப்படியே கொள்வது எங்ஙனம் பொருந்தும்? நம்பிக்கை உடையோர் கணக்கையும் சரியாகக் கொள்ளுதல் முறை.

பெட்டியில் உறங்கும் பழைய சாதகங்களுக்கும் இது பொருந்தும். முன்னோர் ஒருவர் 1930-இல் பம்பாயில் பிறந்தாராயின், குறித்து வைத்த மணி பம்பாய் நேரமா, பொது நேரமா என்று பார்க்கவேண்டும். இரண்டுக்கும் ஒன்றரை நாழிகைக்கு மேல் வேறுபாடு. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அக்காலத்தில் பிறந்தோர் சாதகத்தில் அந்த ஒரு மணியைக் கழித்தனரா என்றும் காணவேண்டும். சாதகத்தில் நாட்டம் இல்லாதவர்க்கும், குடும்பத்தின் பிறப்புக் குறிப்பு சரியாக இருப்பது வரலாற்றுக் கடமையாகும்.

ஊரின் நாழிகையை மதித்துக்கொண்டே நாட்டின் மணிக்கு இசைந்து வாழ்வது நமக்குப் பழகிவிட்டது. காலையில் பொது நேரத்துக்கு வேலைக்குச் செல்கிறோம். ஆவணித் திங்களில் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து மகளுக்கு நாள் குறிக்கிறோம். இரண்டில் எதனையும் விடவேண்டியதில்லை. வானம் தருவது பொழுது மட்டுமே. அதற்கு மணி என்று பெயரிடுவது மக்களின் உடன்பாடு. பம்பாய்த் தொழிலாளரும் கல்கத்தா நகரத்தாரும் நாற்பதாண்டு மறுத்து நின்றது, அந்த உடன்பாட்டில் தங்களுக்கும் குரல் உண்டு என்பதற்காகவே. நம் பிள்ளைகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது, அதனுள்ளே ஒரு செப்பு வட்டிலும், நுங்கம்பாக்கத்துக் கல்தூண் ஒன்றும், இருளில் எழ மறுத்த ஒரு தொழிலாளியின் குரலும் இருப்பதை அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக.